"மேலே போகிறவர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பது உண்மையா? நெடுந்தூர ஓட்டத்தில் ஊக்கமருந்து, அன்றும் இன்றும்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். அவருடைய பதினேழு வயதுத் தங்கை 3000 மீற்றர், 5000 மீற்றர் ஓட்டங்களில் மாகாண மட்டத்தில் வென்று தேசிய மட்டப் பாடசாலைப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறார். உதவுவதாகச் சொல்லி வந்த ஒருவர், "மேல ஓடுற ஆக்கள் எல்லாரும் ஏதோ ஒண்டு எடுத்துத்தான் ஓடுகினம், சும்மா சோறு திண்டிட்டு ஓடி ஒருத்தரும் வெல்லேலாது" என்று கூறி, "இரத்தத்தைக் கூட்டுகிற" ஊசி ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார். உலக மட்டத்தில் இந்தப் பழக்கம் முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது எழுதப்பட்ட கேள்வி. மருந்து எடுக்காத ஒரு பிள்ளைக்கு இந்த ஓட்டத்தில் இடம் இருக்கிறதா என்பது அதற்குள் இருக்கும் கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் வன்னியில் அரச வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் தொழினுட்பவியலாளராகப் பணியாற்றியவன். மாலை வேளைகளில் பாடசாலைப் பிள்ளைகளின் நெடுந்தூரப் பயிற்சிக்கு உதவி வருகிறேன். ஊக்கமருந்தைக் கண்டறியும் சர்வதேச ஆய்வுகூடம் எதிலும் நான் வேலை செய்ததில்லை. அத்தகைய அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இலங்கையில் கிடையாது, நமது வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டுக்குத்தான் அனுப்பப்படுகின்றன. ஒரு குருதி அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நான் அறிவேன். ஒரு தனி மனிதர் குற்றவாளியா என்று தீர்ப்பது என் தொழில் அன்று. ஆகவே பெயர் சொல்லும் இடங்களில் விசாரணையில் நிறுவப்பட்டதையும் சந்தேகமாகவே நிற்பதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். உலகம் முழுவதும் எல்லா விளையாட்டுகளிலுமாக ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் பரிசோதிக்கப்படுகின்றன. அவற்றில் தடைசெய்யப்பட்ட பொருள் அகப்படுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. இதை மட்டும் பார்ப்பவர் விளையாட்டு உலகம் ஏறத்தாழச் சுத்தமானது என்று நினைத்துவிடலாம். ஆனால் இது பிடிபட்டவர்களின் கணக்கு. எடுத்தவர்களின் கணக்கு வேறு. எடுத்தவர்களின் கணக்கை அறிய ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் முயன்றிருக்கிறார்கள். ஒன்று, குருதியையே கேட்பது. 2001 முதல் 2009 வரை சர்வதேச மெய்வல்லுநர்கள் 2,737 பேரிடம் எடுக்கப்பட்ட 7,289 குருதி மாதிரிகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, குருதியை மாற்றியதற்கான அறிகுறி சராசரியாக 14 சதவீதம் என்று மதிப்பிட்டது. 2011இல் தென்கொரியாவின் டேகுவிலும் 2013இல் மொஸ்கோவிலும் நடந்த உலக சம்பியன்ஷிப் போட்டிகளின் குருதி மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு முறையே 18 சதவீதம், 15 சதவீதம் என்று சொன்னது.

மற்ற வழி, வீரர்களையே கேட்பது. டேகு போட்டியிலும் அதே ஆண்டு டோஹாவில் நடந்த பான் அரபு விளையாட்டு விழாவிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் பெயர் இல்லாமல் கேட்கப்பட்டது. பதில் சொல்பவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்பது கேட்பவருக்கே தெரியாதபடி அந்த முறை அமைந்திருந்தது: மனதில் நினைத்த ஒருவரின் பிறந்த திகதியைப் பொறுத்து, சிலர் சாதாரணமான ஒரு கேள்விக்கும் சிலர் ஊக்கமருந்துக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதிலளித்தார்கள். கிடைத்த மொத்தத்திலிருந்து கணித்தபோது, கடந்த ஓராண்டில் மருந்து எடுத்தவர்கள் டேகுவில் 43.6 சதவீதம், டோஹாவில் 57.1 சதவீதம் என்று வந்தது. 2017இல் வெளியான இந்த எண்களைத்தான் "பாதிப்பேர் எடுக்கிறார்கள்" என்று பலர் சுருக்கிச் சொல்கிறார்கள். இங்கே நான் நிதானிப்பேன். இது எல்லா வகைப் போட்டிகளையும் எல்லா வகை மருந்துகளையும் சேர்த்த கணக்கு. நெடுந்தூர ஓட்டத்துக்கு மட்டும் உரியது அன்று. விளக்கத்தைச் சரியாகப் படிக்காமல் அவசரத்தில் பதிலளித்தவர்களால் எண் பெருத்திருக்கலாம் என்ற வாதமும் ஆய்வாளர்களிடையே உண்டு. ஆனால் குருதிக் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது: குருதியில் தடயம் விடாமல் கவனமாக எடுத்தவர் அதில் அகப்படமாட்டார். ஆகவே அந்த ஆண்டுகளில் உலக மட்ட நெடுந்தூர ஓட்டக்காரர்களில் குறைந்தது ஏழு பேருக்கு ஒருவர், இன்னும் கூடுதலாகவும் இருக்கலாம் என்பதுதான் என் மதிப்பீடு. 1 சதவீதம் என்பதையும் எல்லாரும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

இவை எல்லாவற்றிலும் அந்த அண்ணன் கவனிக்க வேண்டிய எண் 14 அன்று. அதே 2011 ஆய்வில், 14 என்ற சராசரிக்குள் நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாடு 1 சதவீதத்திலிருந்து 48 சதவீதம் வரை. ஒரே தூரம், ஒரே விதிகள், ஒரே மனித உடல். ஓரிடத்தில் நூற்றுக்கு ஒருவர், இன்னோரிடத்தில் ஏறத்தாழ இருவருக்கு ஒருவர். ஓடுபவரின் ஆசை மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக வராது. ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஓடுபவரைச் சுற்றி நிற்கும் பயிற்றுநர், வைத்தியர், முகவர், சங்க அதிகாரி ஆகியோர் யார் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஊக்கமருந்தின் வரலாற்றை எந்தப் பக்கத்தில் புரட்டினாலும் இதுவே தெரிகிறது என்பதால்தான் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதனில் முதலிடம் பெற்ற தோமஸ் ஹிக்ஸுக்கு, வழியில் தளர்ந்தபோது ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சைச் சிறிதளவு முட்டை வெள்ளைக்கருவுடனும் பின்னர் பிராந்தியுடனும் கொடுத்தவர்கள் அவருடன் வந்த உதவியாளர்களே. அது அன்று விதிமீறலும் அன்று. உயிரோடு முடித்தது அவருடைய நல்ல காலம். 1928இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் ஊக்கப் பொருட்களைத் தடைசெய்தது. எந்தச் சர்வதேச விளையாட்டு அமைப்பும் அதற்குமுன் அதைச் செய்திருக்கவில்லை. ஆனால் கண்டறியும் முறை இல்லாத தடை காகிதத்தில்தான் இருந்தது. ஒலிம்பிக்கில் பரிசோதனை தொடங்கியது 1968இல்தான்.

நெடுந்தூர ஓட்டத்துக்கே உரிய மோசடி குருதி ஏற்றுதல். தன் குருதியையே முன்கூட்டி எடுத்துக் குளிரூட்டி வைத்து, உடல் அந்தக் குறையை ஈடுசெய்த பின், போட்டிக்குச் சில நாள் முன் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். 1970களில் இது பேசப்பட்டது. 1980களின் நடுப்பகுதி வரை விதியால் தடைசெய்யப்படவும் இல்லை. 1972இலும் 1976இலும் 5000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற பின்லாந்தின் லாசே விரேன் மீது இந்தச் சந்தேகம் நெடுநாள் ஒட்டியிருக்கிறது. அவர் மறுத்தார், எதுவும் நிறுவப்படவில்லை, ஆகவே அதைச் சந்தேகம் என்ற இடத்திலேயே விடுகிறேன். அவருடைய நாட்டவரான கார்லோ மானின்கா 1980 மொஸ்கோவில் வெள்ளியும் வெண்கலமும் வென்றார்; அதற்குமுன் குருதி ஏற்றியதைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். இன்னொரு பின்லாந்தவரான மார்ட்டி வைனியோ 1984இல் 10,000 மீற்றரில் இரண்டாவதாக வந்து, ஸ்டெரொயிட் அகப்பட்டதால் வெள்ளியை இழந்தார். இந்த மூன்று பெயர்களையும் ஒரே வரியில் போட்டு "பின்லாந்துக்காரர் எல்லாரும்" என்று சொல்வது எளிது. நிறுவப்பட்டது, ஒப்புக்கொள்ளப்பட்டது, சந்தேகிக்கப்பட்டது என்று மூன்றும் மூன்று வகை.

அதன்பின் வந்தது எரித்ரோபொயட்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ. உங்களிடம் பேசியவர் சொன்ன "இரத்தத்தைக் கூட்டுகிற" ஊசி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வன்னியில் இது புதிய பொருள் அன்று. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பகுதிகளில் வவுனியாவும் ஒன்று; குருதிச் சுத்திகரிப்புக்கு வரும் நோயாளருக்கு இந்த ஊசி ஏற்றப்படுவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கும். செங்குழியங்களை உருவாக்குமாறு என்பு மச்சைக்குக் கட்டளையிடும் ஓமோனை இயல்பாகச் சுரப்பது சிறுநீரகம். அது பழுதானால் ஓமோன் குறைந்து, குருதிச்சோகை வந்துவிடும். ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 7, 8 கிராம் என்று விழுந்து படியேற முடியாமல் மூச்சுவாங்கிய ஒருவரின் அறிக்கை சில வாரங்களில் 10ஐத் தொடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்து செய்த நன்மைக்கு நான் சாட்சி. ஆனால் நோயாளருக்கே கூட 12, 13 என்று ஏற்றிவிட வைத்தியர்கள் அஞ்சுகிறார்கள். 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த டார்பிபொயட்டின் ஏற்றி ஈமோகுளோபினை உயர்த்தியவர்களிடம் பக்கவாதம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நோயில்லாத பிள்ளையின் குருதியை இதனால் தடிப்பாக்கி, வன்னி வெயிலில் வியர்த்து இன்னும் தடிப்பாகும்படி ஓடவிட்டால் என்ன ஆகலாம் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஈ.பி.ஓ 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. ஒலிம்பிக் குழு 1990இல் தடைசெய்தது. ஆனால் அதைக் கண்டறியும் பரிசோதனை முதன்முதலாக 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் பத்து ஆண்டுகள் தடை இருந்தது, கண்ணில்லை. அந்தப் பத்தாண்டின் சாதனைகளில் எது சுத்தம், எது இல்லை என்று இன்று எவராலும் நிரூபிக்க முடியாது. அதனால் அக்கால வீரர் எவரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்ட நான் தயாரில்லை. பரிசோதனை வந்த பின்னும் ஓட்டைகள் இருந்தன. 2001இல் ரஷ்யாவின் ஒல்கா யெகொரோவாவின் சிறுநீரில் ஈ.பி.ஓ அகப்பட்டும், அன்றைய விதி கேட்ட குருதிப் பரிசோதனை சேர்ந்து செய்யப்படவில்லை என்ற காரணத்தால் அவர் எட்மன்டன் உலக சம்பியன்ஷிப்பில் ஓட அனுமதிக்கப்பட்டு 5000 மீற்றரில் தங்கம் வென்றார். பார்வையாளர் வரிசையில் பிரித்தானியாவின் போலா ராட்கிளிஃப், ஈ.பி.ஓ ஏமாற்றுக்காரர்களை வெளியேற்றுங்கள் என்ற அட்டையைப் பிடித்து நின்றார். பல ஆண்டுகள் கழித்து, தமது சிறுநீருக்குப் பதில் வேறொருவரின் சிறுநீரைக் கொடுத்த விவகாரத்தில் யெகொரோவா தடைசெய்யப்பட்டார்.

சிறிய அளவில் இரவில் நாளத்தில் ஏற்றினால் ஈ.பி.ஓ சில மணி நேரத்திலேயே கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அதனால்தான் மருந்தைத் தேடுவதோடு நில்லாமல், மருந்து குருதியில் விட்டுச்சென்ற மாற்றத்தைத் தேடும் முறை 2009இல் தொடங்கியது. அதை உயிரியல் கடவுச்சீட்டு என்கிறார்கள். என் தொழிலுக்கு மிக அருகில் இருப்பது இது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். என்பு மச்சையிலிருந்து புதிதாக வெளிவரும் இளஞ்செங்குழியத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வரை பழைய இழைகளின் எச்சம் இருக்கும். குருதித் துளியோடு பிரிலியண்ட் கிரெசில் புளூ சாயத்தைக் கலந்து, உடல் வெப்பத்தில் கால் மணி நேரம் வைத்து, கண்ணாடித் தட்டில் மெல்லிதாக இழுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அந்த எச்சம் கலத்துக்குள் நீல நூல் சிக்கலாகத் தெரியும். வளர்ந்த செங்குழியத்தில் அது இராது. ஆயிரம் செங்குழியங்களை எண்ணி அவற்றில் நீல நூல் உள்ளவை எத்தனை என்று பார்ப்போம். ஆரோக்கியமானவரில் பொதுவாக 0.5 முதல் 2 சதவீதம் வரை வரும். கைகளால் எண்ணுவதை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன, விளக்கம் மாறவில்லை.

ஈ.பி.ஓ ஏற்றும்போது இந்த இளங்கலங்கள் கூடும். நிறுத்தியபின், ஈமோகுளோபின் இன்னும் உயர்ந்தே நிற்க, தேவைக்கு மேல் குருதி இருப்பதை உணர்ந்த உடல் புதிய உற்பத்தியை அடக்கிவிடும். இளங்கலங்கள் சட்டென்று குறையும். சேமித்த குருதியைத் திரும்ப ஏற்றினாலும் இதுவே நடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது: லீற்றருக்கு எத்தனை கிராம் என்ற ஈமோகுளோபின் அளவிலிருந்து, இளங்கல சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60ஆல் பெருக்கிக் கழிப்பார்கள். ஈமோகுளோபின் 150, இளங்கலம் 1 சதவீதம் என்றால் விடை 90. அதே ஆள் பெரிய போட்டிக்கு முன் ஈமோகுளோபின் 165, இளங்கலம் 0.25 சதவீதம் என்று வந்தால் விடை 135; விடை இப்படி ஏறினால் சந்தேகம் எழும். ஒரு முறை மட்டும் பார்த்து எவரையும் தண்டிக்க முடியாது. நீரிழப்பும் மலைநாட்டுப் பயிற்சியும் நோயும் எண்களை அசைக்கும். நுவரெலியாவில் சில வாரம் பயிற்சி செய்துவிட்டு வந்தவரின் அறிக்கை கிளிநொச்சியிலேயே இருந்தவரின் அறிக்கையைப் போல இராது. அதனால்தான் ஒரே ஆளின் எண்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கி, அவருக்கு அவரையே அளவுகோலாக வைக்கிறார்கள்.

இந்தக் கண் திறந்தபின் வெளிவந்தவை கசப்பானவை. 2015இல் ஜேர்மன் தொலைக்காட்சி ஒன்றும் பிரித்தானியப் பத்திரிகை ஒன்றும், 2001 முதல் 2012 வரையான 12,000 குருதி முடிவுகளை வெளியிட்டன. சுமார் 5,000 வீரர்களில் 800க்கும் மேற்பட்டோரின் முடிவுகள் இயல்புக்கு மாறானவை என்று அவற்றைப் பார்த்த நிபுணர்கள் கூறினார்கள். சம்மேளனம் அதை மறுத்தது. மறுத்த சம்மேளனத்தின் நிலை என்னவென்றால், 1999 முதல் 2015 வரை அதன் தலைவராக இருந்த லமீன் டியாக், ஊக்கமருந்து வழக்குகளை மறைக்கப் பணம் பெற்ற விவகாரத்தில் 2020இல் பாரிஸ் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். சிக்காகோ மரதனை மூன்று முறை அடுத்தடுத்து வென்ற ரஷ்யாவின் லிலியா ஷொபுகோவா, தமது குருதி முடிவுகளை மூடிமறைக்க 450,000 யூரோ கொடுத்த கதை 2014 இறுதியிலேயே வெளியே வந்திருந்தது. ஊசி போட்டவரைவிட ஊசியை மறைக்கக் கூலி வாங்கியவர் மேல்தான் எனக்குக் கோபம் கூட வருகிறது.

பாதிக்கப்பட்டவர் யார் என்று காட்ட ஒரு போட்டி போதும். 2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் 1500 மீற்றர் இறுதியில் முதலிரு இடங்களும் துருக்கிக்கு. முதலில் வந்த அஸ்லி சாகிர், இரண்டாவதாக வந்த கம்ஸே புலுட் இருவரும் குருதிக் கடவுச்சீட்டின்மூலம் பிடிபட்டுப் பதக்கம் இழந்தார்கள். நான்காவதாக வந்த ரஷ்யாவின் தத்யானா தொமாஷோவாவும் 2024இல் தண்டிக்கப்பட்டார். இப்படியாக ஆறாவதாகக் கோட்டைத் தாண்டிய அமெரிக்காவின் ஷனன் ரொபரி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெண்கலத்துக்கு உரியவரானார். அன்று மேடையில் ஏறும் நிமிடத்தை அவருக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆண்களில் 2008 பீஜிங்கில் அதே தூரத்தை வென்ற பஹ்ரெய்னின் ரஷீட் ரம்ஸி மருந்தால் தங்கத்தை இழந்தார். அந்தத் தங்கம் கென்யாவின் அஸ்பெல் கிப்ரொப்புக்குப் போனது. அவரும் 2017இல் ஈ.பி.ஓவில் அகப்பட்டார்.

இன்றைய நிலைக்கு வந்தால் கென்யாவைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2014இல் ரீட்டா ஜெப்டூ, 2016 ரியோ மரதனில் தங்கம் வென்ற ஜெமிமா சும்கொங், மரதன் உலக சாதனையாளராக இருந்த வில்சன் கிப்சாங் என்று தண்டிக்கப்பட்ட பெயர்கள் நீள்கின்றன. முதலிருவரிடம் ஈ.பி.ஓ அகப்பட்டது, கிப்சாங் பரிசோதனைக்கு இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் விதியை மீறியதற்கும் விசாரணையில் பொய்யான தகவல் கொடுத்ததற்கும் தண்டிக்கப்பட்டார். இதிலிருந்து கென்யர்களின் திறமையே மருந்துதான் என்று முடிவுகட்டுவது அநியாயம். நூற்றுக்கணக்கானோர் தொழிலாக ஓடுகிற, ஒரு மரதன் பரிசுத்தொகை ஒரு குடும்பத்துக்குக் காணியும் வீடும் வாங்கித்தரக்கூடிய ஊரில், பாமசியும் முகவரும் அவர்களைத் தேடி வருகிறார்கள். அதோடு 2017இல் மெய்வல்லுநர் நேர்மைப் பிரிவு தொடங்கப்பட்டபின் அங்கே பரிசோதனை பெருகியது. தேடும் இடத்தில்தான் அகப்படும். கூடுதலாகப் பிடிபடுவது கூடுதலாக எடுப்பதற்கு எப்போதும் சான்றாகாது.

கென்யாவின் ரூத் செப்ஙேட்டிச்சின் கதையை நமது வீடுகளில் எல்லாரும் அறியவேண்டும். 2024 ஒக்டோபரில் சிக்காகோவில் மரதனை 2 மணி 9 நிமிடம் 56 விநாடியில் ஓடி, 2 மணி 10 நிமிடத்துக்குக் கீழே வந்த முதற்பெண் ஆனார். 2025 மார்ச் மாதம் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதையசைட் அகப்பட்டது; மூன்று ஆண்டுத் தடை. அந்த மாதிரிக்கு முன் ஓடியது என்பதால் சாதனை நிற்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணின் குளிசையைத் தெரியாமல் விழுங்கியதாக அவர் சொன்னார். அது உண்மையா என்பதை நான் தீர்க்கமாட்டேன். ஆனால் அந்தக் குளிசை நமது கிளினிக்குகளில் பிறசருக்குக் கொடுக்கப்படுவது. அம்மம்மாவின் மருந்துப் பையில் அது இருக்கக்கூடும். சிறுநீரைப் பெருக்கி வேறு மருந்தின் தடயத்தை மறைக்கும் என்பதால் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

நேரங்கள் வேகமாகிவிட்டன, ஆகவே மருந்து கூடிவிட்டது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 முதல் பரவிய, காபன் தகடும் தடித்த நுரையும் கொண்ட சப்பாத்துகள் உலகம் முழுவதும் நேரங்களைக் குறைத்திருக்கின்றன. வெறும் நேரத்தை வைத்து இன்று எவரையும் சந்தேகிக்க முடியாது. முன்பைவிட இப்போது மருந்து குறைந்ததா? பெரிய அளவில் குருதியைத் தடிப்பாக்குவது ஆபத்தாகிவிட்டதால் எடுப்பவரும் சிறிய அளவோடு நிற்க வேண்டியிருக்கிறது; அதனால் கிடைக்கும் இலாபமும் சுருங்கியிருக்கிறது என்பது என் கருத்து. சுத்தமாக ஓடுபவருக்கும் அவருக்கும் இடையிலான தூரம் 1990களில் இருந்ததைவிடக் குறைவு. எடுப்பவர்களின் தொகை குறைந்துவிட்டதென்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

இனித் தங்கையின் விடயம். இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இயங்குகிறது. தேசிய மட்டத்துக்குப் போகும் பிள்ளை பரிசோதிக்கப்படலாம். உடலில் அகப்பட்ட பொருளுக்கு ஓடியவரே பொறுப்பு. "அண்ணை தந்தவர், நான் குடிச்சனான்" என்பது விடுதலை தராது. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011இல் தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தில் பிரெட்னிசோலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டெரொயிட் இருந்ததால் மூன்று மாதம் தடைசெய்யப்பட்டார். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்டும் தண்டித்தார்கள். மறுபக்கத்தில், குசல் பெரேராவின் மாதிரியில் பொருள் அகப்பட்டதாக ஓர் ஆய்வுகூடம் கூறி, அந்த முடிவு நிலைக்காது என்று 2016இல் அவர் விடுவிக்கப்பட்டார். ஆய்வுகூடமும் தவறலாம் என்பதை ஆய்வுகூடத்தில் இருந்தவனாகச் சொல்கிறேன். ஆனால் குசலுக்குப் பின்னால் கிரிக்கெட் சபை இருந்தது. பிள்ளைக்குப் பின்னால் நீங்கள் மட்டுந்தான் இருப்பீர்கள்.

அந்த ஊசிக்குப் பதில் முதலில் செய்யவேண்டியது ஒரு முழுக் குருதி எண்ணிக்கையும், வசதியிருந்தால் உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையும். நன்றாக ஓடும் மாணவிகளின் அறிக்கையில் ஈமோகுளோபின் 10, 10.5 என்று வருவது எனக்குப் புதிதன்று. மாதவிடாயும் போதாத சாப்பாடும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் இரும்புச்சத்து வற்றிப்போகும். வைத்தியர் சொல்லும் அளவில் இரும்புக் குளிசை எடுத்து 12.5ஐத் தொட்ட பிள்ளை, யாரையும் ஏமாற்றாமல், விதி எதையும் மீறாமல் தன் சொந்தக் குருதியோடு வேகமாக ஓடியதைக் கண்டிருக்கிறேன். இரத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் குறைந்ததை நிரப்பலாம். மீனும் முட்டையும் பயறும் கீரையும் வீட்டில் கூடட்டும். ஒன்பது மணிக்கு நித்திரைக்கு விடுங்கள். இந்த வயதில் மாகாண மட்டம் தாண்டிய பிள்ளைக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இயல்பாகவே வேகம் கூடும். மருந்து எடுக்காத பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்று நான் நம்பிச் சொல்வது இதனால்தான்.

அந்த மனிதரிடம் ஊசியின் பெயரையும் எந்த வைத்தியர் எழுதிக்கொடுப்பார் என்பதையும் காகிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரமாட்டார். தங்கையைப் பழக்குவது அவர் என்றால் பயிற்றுநரை மாற்றுங்கள். பாடசாலை உடற்கல்வி ஆசிரியரிடம் விடயத்தைச் சொல்லுங்கள், வேறு பிள்ளைகளிடமும் அவர் போவார். போட்டிக்கு முன் களைப்புக்கென்று தனியார் சிகிச்சை நிலையத்தில் சேலைன் ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு; வைத்தியசாலைச் சிகிச்சையின் பகுதியாக அல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளத்தில் ஏற்றுவதே விதிமீறல். இழுப்புக்குச் சல்பியூட்டமோல் பம்ப் குறித்த அளவுக்குள் அனுமதிக்கப்பட்டது, அதே மருந்தின் குளிசை அனுமதிக்கப்படவில்லை. பனடோல் பிரச்சினையில்லை. பெயர் தெரியாத சத்துமாவும் தசை வளர்ப்புப் பொடியும் வேண்டாம்.

தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்பதால் பெரியவர் ஒருவர் உடன் செல்லலாம், செல்லுங்கள். சிறுநீர் குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். அதைப் பிள்ளையே இரண்டு போத்தல்களில் ஊற்றி மூடி, இலக்கங்களைச் சரிபார்க்க வேண்டும். படிவத்தில் முந்தைய ஏழு நாளில் எடுத்த மருந்துகளைக் கேட்பார்கள். ஆகவே இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் அவர் விழுங்கும் ஒவ்வொரு குளிசையின் பெயரையும் திகதியையும், யார் தந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.